பழைய விண்டோஸிலும் ஓடுகிற பில்லிங் மென்பொருள்: திருமலைத் தம்பி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். திருகோணமலை டவுனிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள சில ஹார்ட்வெயார் கடைகள், மருந்துக்கடைகள், ஓர் அரிசி ஆலை ஆகியவற்றுக்கு பில்லும் ஸ்டொக்கும் பார்க்கிற டெஸ்க்டொப் மென்பொருள் செய்ய வேண்டும். கடைகளில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 7. ஒன்றிரண்டில் எக்ஸ்பி. அண்மையில் வாங்கியவர்களிடம் 10, 11. வலைப்பக்கம் போல எழுதியதை டெஸ்க்டொப் மென்பொருளாக்குகிற எலெக்ட்ரோனின் புதிய பதிப்பில் செய்து பார்த்தால் விண்டோஸ் 7இல் திறக்கவே இல்லை. எல்லாவற்றிலும் ஓடும்படி எழுத ஏலுமா, அல்லது கணினியை மாற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்பதா?

ஏலும். விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1ஐக் கீழ் எல்லையாக வையுங்கள். 32 பிட்டில் ஒரே பில்ட் (கோடிலிருந்து செய்த ஓடும் கோப்பு). மைக்ரோசொஃப்டின் டொட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8, திரைகளுக்கு வின்ஃபோம்ஸ், தரவுக்கு ஒரே கோப்பில் இருக்கிற எஸ்கியூலைட் தரவுத்தளம். எக்ஸ்பியை வேறு விதமாகக் கவனிக்கலாம், கீழே வருகிறது. இவ்வளவு பழைய சேர்க்கையைக் கேட்டால் உங்கள் வயதுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும் என்பது தெரியும். பரவாயில்லை, கடையில் பில் அடித்தால் காணும்.

பழைய இயங்குதளம் நீங்கள் எழுதிய கணக்கை உடைப்பதில்லை. சாமானின் விலையைப் பெருக்கி, கழிவைக் கழித்து, ஸ்டொக்கில் ஒன்றைக் குறைக்கிற கோட் 2001இலும் ஓடியிருக்கும், இன்றும் ஓடும். உடைவதெல்லாம் அந்தக் கோட் சாய்ந்து நிற்கிற மற்றவை: ரன்டைம் (புரோகிராம் ஓடத் தேவையான அடிப்படைக் கோப்புகள்), பிரவுசர் எஞ்சின், எழுத்துரு, சான்றிதழ், கடைக்குள் இரண்டு கணினிகள் பேசிக்கொள்கிற முறை. இவற்றைக் குறைவாகவும் பழையதாகவும் தெரிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கீழ் எல்லையை எப்படி முடிவு செய்வது? வீட்டிலிருந்து யோசித்து அல்ல. கடை கடையாகப் போய் ஒவ்வொரு கணினியிலும் ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்து, பதிப்பையும் சர்வீஸ் பேக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். 32 பிட்டா 64 பிட்டா, எவ்வளவு ரேம், திரையின் அளவு என்ன, பிரிண்டர் எந்த வயரில் நிற்கிறது, இணையம் உண்டா, இதையும் குறியுங்கள். சர்வீஸ் பேக் 1 போடாத விண்டோஸ் 7 இன்னும் தட்டுப்படும். அதில் டொட் நெட் 4.8 ஏறாது.

இந்த இயந்திரங்கள் ஏன் இன்னும் இருக்கின்றன என்பதும் உங்கள் வடிவமைப்பைப் பாதிக்கிற விஷயம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, 200 அளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தாண்டியது. கணினி வாங்க நினைத்திருந்தவர்கள் அந்த யோசனையை அப்போதே விட்டார்கள். அதோடு பல கடைகளில் கணினியைவிட முக்கியமானது அதன் பின்னால் அகலமான பரலல் போர்ட் வயரில் நிற்கிற டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கார்பன் கொப்பியோடு பில் கொடுக்கப் பழகியவர் அதை விடமாட்டார். புதிய மதர்போர்டுகளில் அந்தப் போர்ட் இருப்பதும் அரிது. 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கும் மைக்ரோசொஃப்டின் இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் புதிய புரொசெசரும் இல்லாத கணினிகள் இங்கே நிறைய. ஆகவே விண்டோஸ் 7இன் இடத்தில் இன்னும் சில வருஷங்களில் விண்டோஸ் 10 உட்காரும். இப்போது பழகுகிற பழக்கம் அப்போதும் உதவும்.

இனி, எந்தக் கருவி எங்கே நின்றுபோனது என்று பார்ப்போம். குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தில் 109தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு. 2023 பெப்ரவரியில் 110 வந்தபோது அந்தக் கதவு மூடப்பட்டது. எலெக்ட்ரோன் தனக்குள் குரோமியத்தை வைத்திருப்பதால் எலெக்ட்ரோன் 22தான் கடைசி. உங்களுக்கு நடந்தது இதுதான். பைதன் 3.8 வரை விண்டோஸ் 7, 3.4 வரை எக்ஸ்பி. கோ மொழியில் 1.20 வரை விண்டோஸ் 7, 1.10 வரை எக்ஸ்பி. ரஸ்ட் 1.78இல் விண்டோஸ் 10க்கு உயர்ந்தது. கியூடி வேண்டுமென்றால் 5.15, கியூடி 6 விண்டோஸ் 10 கேட்கும். டொட் நெட்டின் புதிய வரிசையில் 8ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7 ஆதரவு இல்லை.

பழைய டொட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 மட்டும் வேறு மாதிரி நிற்கிறது. அது விண்டோஸ் 7இல் நிறுவப்படும், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து கூடவே வரும், விண்டோஸ் 11இலும் உண்டு. இயங்குதளத்தின் ஒரு பாகமாக அது இருப்பதால் இயங்குதளத்தோடு சேர்ந்தே பராமரிக்கப்படுகிறது. எலெக்ட்ரோன் 22ஐ உறையவைத்து ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பாஸ்கல் தெரிந்தவராக இருந்தால் லாசரஸ் இன்னும் நல்லது. ஒரே எக்ஸி கோப்பு, ரன்டைம் எதுவும் வேண்டாம். ஆனால் உங்களுக்குப் பிறகு அந்தக் கோடைப் பார்க்க ஆள் தேட வேண்டி வரும், அதையும் யோசியுங்கள்.

4.8ஐப் பழைய விண்டோஸ் 7இல் ஏற்றும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, சான்றிதழ்ச் சங்கிலியை உருவாக்க முடியவில்லை என்ற எரர். இணையமே பார்க்காத கணினியில் மைக்ரோசொஃப்டின் 2011 ரூட் சான்றிதழ் இல்லாததால் வருவது. அந்தச் சான்றிதழைக் கையால் ஏற்றினால் சரி. மற்றது டி3டி கொம்பைலர் 47 என்ற டிஎல்எல் (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற ஃபங்ஷன்கள் உள்ள கோப்பு) இல்லாதது. அதற்கு கேபி4019990 என்ற அப்டேட். இவற்றையும் 4.8இன் ஓஃப்லைன் இன்ஸ்டோலரையும் ஒரே பென்டிரைவில் வைத்துக்கொண்டு போங்கள். மூதூரில் ஒரு கடையில் நின்றுகொண்டு போன் டேட்டாவில் இறக்குகிற வேலை வேண்டாம்.

ஏன் ஒரு புரோகிராம் பழைய விண்டோஸில் திறக்காமலே சாகிறது என்று ஒருதரம் வடிவாகப் புரிந்துகொண்டால், பிறகு எந்த எரரையும் நீங்களே படிக்கலாம். எக்ஸி கோப்பின் உள்ளே, எந்த டிஎல்எல்லில் இருந்து எந்தெந்த ஃபங்ஷனைக் கடன் வாங்குகிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். திறக்கும்போதே விண்டோஸ் அந்தப் பட்டியல் முழுவதையும் சரிபார்க்கும். ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றாலும், அந்த ஃபங்ஷனை நீங்கள் ஒருபோதும் கூப்பிடாவிட்டாலும், புரோகிராம் தொடங்காது. கெர்னல்32இல் இந்த நுழைவிடம் காணப்படவில்லை என்று ஒரு பெட்டி வருமே, அதுதான். கெட் டிக் கவுன்ட் 64 என்ற ஃபங்ஷன், எக்ஸ்பிக்கும் 7க்கும் இடையில் வந்த விஸ்டாவில் வந்தது, ஆகவே எக்ஸ்பியில் இப்படி இடறும். மிகத் துல்லியமாக நேரம் தருகிற ஒரு ஃபங்ஷன் விண்டோஸ் 8இல் வந்தது. பல புதிய நூலகங்கள் அதை எடுத்திருப்பதால் விண்டோஸ் 7இல் இடறுகின்றன.

சி++ எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. கீழ் எல்லையை ஹெடர்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அப்போது இல்லாத ஃபங்ஷனைத் தொட்டால் உங்கள் மேசையிலேயே கொம்பைலர் கத்தும். புதிய வசதி கட்டாயம் வேண்டுமென்றால், ஓடும் நேரத்தில் அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று பெயர் சொல்லித் தேடி, இருந்தால் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய வழி. பதிப்பு எண்ணைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மேனிஃபெஸ்டில் (புரோகிராமோடு போகிற அறிவிப்புக் கோப்பு) ஆதரவை அறிவிக்காத புரோகிராமுக்கு விண்டோஸ் 10 தன்னை 6.2 என்று, அதாவது விண்டோஸ் 8 என்று, பொய் சொல்லும். பழைய புரோகிராம்கள் உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. டொட் நெட்காரருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் கூட வருகிற எஸ்கியூலைட் டிஎல்எல் போன்ற நேட்டிவ் கோப்புகளுக்கு உண்டு. அவை விஷுவல் சி++ ரன்டைமைக் கேட்கின்றனவா என்று பாருங்கள். அந்த ரன்டைமை உள்ளேயே நிலையாக இணைத்த பில்ட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

தமிழுக்கு வருகிறேன். வெளியூர்க் கட்டுரைகளில் வராத பகுதி இது. திருமலையில் உங்களுடைய முக்கால்வாசித் தலையிடி இங்கேதான் இருக்கும்.

விண்டோஸில் தமிழுக்கு என்று ஆன்சி கோட் பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) ஒருபோதும் இருந்ததில்லை. அரபிக்கு இருந்தது, தாய் மொழிக்கு இருந்தது, தமிழுக்கு இல்லை. தமிழ் யூனிகோடில் மட்டுமே உள்ளே வந்தது. ஆகவே யூனிகோட் தெரியாத பழைய புரோகிராம்களில் தமிழ் அடித்தால் கேள்விக்குறிகளாக நிற்கும். அதனால்தான் நம் ஊரில் பாமினி இவ்வளவு காலம் ஆண்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது; கணினியைப் பொறுத்தவரை உள்ளே கிடப்பது ஆங்கிலம். நீங்கள் போகிற கடைகளில் பழைய ஸ்டொக் பட்டியல் பாமினியில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே உங்கள் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். இரண்டையும் கலந்து வைத்தால் அகரவரிசையும் தேடலும் நாசம். ஒரு எச்சரிக்கை: பழைய பட்டியல்களில் தமிழ்ப் பெயரும் ஆங்கில அளவும் ஒரே கட்டத்தில் இருக்கும். முழுக் கட்டத்தையும் மாற்றியில் போட்டால் அங்குலக் கணக்கும் பிராண்ட் பெயரும் தமிழ்க் குப்பையாகிவிடும். அந்த வரிகளைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கடைக்காரரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், அவருக்குத்தான் சாமானின் பெயர் தெரியும்.

இன்றைய வழிகாட்டிகள் சில, மேனிஃபெஸ்டில் யூடிஎஃப்-8ஐக் கோட் பேஜாக அறிவித்துவிட்டால் எல்லாம் சரி என்கின்றன. அது விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்குப் பிறகுதான் வேலை செய்யும். விண்டோஸ் 7 அந்த வரியைக் கண்டுகொள்ளாது, உங்கள் தமிழ் மீண்டும் கேள்விக்குறி. நேட்டிவ் கோட் எழுதினால் யூனிகோட் வாங்குகிற அகல எழுத்து ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள். டொட் நெட் சரங்கள் ஏற்கெனவே யூனிகோட் என்பது அதைத் தெரிவு செய்ய இன்னொரு காரணம்.

எழுத்துருவில் லதா, நிர்மலா என்ற இரண்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்பியிலும் 7இலும் லதா உண்டு, நிர்மலா கிடையாது. நிர்மலா விண்டோஸ் 8இல் வந்தது. விண்டோஸ் 10இல் லதா விருப்பத் தெரிவாகப் போய்விட்டது, தமிழ் மொழியைச் சேர்த்தால்தான் இறங்கும். ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கோ ஓர் இடத்தில் வேறு எழுத்துரு வந்து உட்காரும், பட்டனில் பாதி எழுத்து வெட்டுப்படும். இரண்டின் உயரமும் அகலமும் வேறு. லேபிள்களுக்கு நிலையான அளவு கொடுக்காதீர்கள். அல்லது இலவச உரிமமுள்ள நோட்டோ போன்ற எழுத்துருவை உங்களுடனேயே அனுப்பி, கணினியில் நிறுவாமல் புரோகிராமுக்குள் மட்டும் ஏற்றுங்கள். சிங்களமும் பில்லில் வரும், அதை மறக்க வேண்டாம். விண்டோஸ் 7இல் அதற்கு இஸ்கோல பொத, புதியவற்றில் நிர்மலாவிலேயே சிங்களமும் இருக்கிறது.

எக்ஸ்பியில் இன்னொரு படி உண்டு. வட்டார அமைப்புகளில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். அதற்கு எக்ஸ்பி சீடி கேட்கும். குறியிடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கும், மாமா சரியாக வருவார், பொன்னையா மட்டும் சிதறிப்போவார். அப்புறம் ஸ்ரீ. இதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது மற்றது. ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005இல். 2001இல் வந்த இயங்குதளத்தின் எழுத்துருவிடம் அதைக் கேட்டால் கட்டம்தான் தரும். திருமலையில் ஸ்ரீ என்று தொடங்காத கடைப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆகவே இது சின்ன விஷயமில்லை. தரவுத்தளத்தில் ஒரே வடிவத்தில் சேமியுங்கள், தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுங்கள்.

பில் அச்சுக்கு ஒரு குறிப்பு. இங்கே ஓடுகிற மலிவான 58, 80 மில்லிமீட்டர் தேர்மல் பிரிண்டர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்று நம்பாதீர்கள். நீங்கள் வரியைப் படமாக வரைந்து, படப் புள்ளிகளாக அனுப்ப வேண்டும். அச்சு வேலைகளை வரிசைப்படுத்துகிற விண்டோஸ் ஸ்பூலருக்கு ரோ வடிவத்தில் நேராக பைட்டுகளை அனுப்புகிற வழி எக்ஸ்பியிலிருந்து 11 வரை ஒரே மாதிரி வேலை செய்கிறது. டொட் மேட்ரிக்ஸுக்கும் அதே வழி. எண்களும் ஆங்கிலமும் எழுத்தாக, தமிழ் வரி மட்டும் படமாக அனுப்பினால் வேகம் அதிகம் குறையாது.

நெட்வொர்க்கில் எக்ஸ்பி இருக்கிற கடைதான் சிக்கல். முன் கவுண்டரில் எக்ஸ்பி, உள்ளே முதலாளியின் மேசையில் விண்டோஸ் 11 என்றால் பகிர்ந்த ஃபோல்டர் திறக்காது. ஃபோல்டர் பகிரும் முறைகளில் எக்ஸ்பிக்கு மிகப் பழைய எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதைத் திரும்ப இயக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற வன்னாக்ரை பரவியது அந்த வாசலால்தான். எஸ்கியூலைட் கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினிகள் எழுதுவதும் தவறு. பூட்டுதல் நெட்வொர்க்கில் நம்பகமாக வேலை செய்யாததால் கோப்பு கெட்டுப்போகலாம் என்று எஸ்கியூலைட் ஆவணமே எச்சரிக்கிறது. ஒரு கணினியில் தரவுத்தளம், அதன் மேல் நீங்கள் எழுதிய சின்ன சர்வர், மற்றவை உள் நெட்வொர்க்கில் சாதாரண டிசிபி சொக்கெட்டில் பேசட்டும். சொக்கெட் எக்ஸ்பிக்கும் 11க்கும் ஒன்றுதான்.

வெளி இணையத்துக்குப் போகும்போது, இணைப்பை மறைகுறியாக்குகிற டிஎல்எஸ். எக்ஸ்பியின் சொந்த நூலகம் டிஎல்எஸ் 1.0ஐத் தாண்டாது, இன்றைய சர்வர்கள் அதை ஏற்காது. விண்டோஸ் 7க்கு 1.2 தெரியும், ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். டொட் நெட் 4.8ஐ இலக்காக வைத்து அமைப்பைத் தொடாமல் விட்டால், எந்தப் பதிப்பு என்பதை அது இயங்குதளத்தின் முடிவுக்கே விட்டுவிடும் என்பதால், விண்டோஸ் 7இல் 1.2ஐ வெளிப்படையாகக் கேளுங்கள். வாடிக்கையாளரின் பெக்கப்பை இணையத்துக்கு ஏற்றுவது போன்ற வேலையை, இணையம் உள்ள புதிய கணினியே செய்யட்டும்.

இப்போது எக்ஸ்பி. டொட் நெட் 4.0தான் அதில் ஏறும் கடைசி, சர்வீஸ் பேக் 3 வேண்டும். 4.0ஐ இலக்காக வைத்த புரோகிராம் 4.8 உள்ள கணினியிலும் ஓடும் என்பதால், கவுண்டரில் பில் அடிக்கிற பகுதியை மட்டும் 4.0இல் சின்னதாக எழுதினால் அதே எக்ஸி எக்ஸ்பியிலிருந்து 11 வரை போகும். அறிக்கைகள், பெக்கப், படங்கள் எல்லாம் 4.8இல். முழு மென்பொருளையும் ஒன்றிரண்டு எக்ஸ்பிக்காகக் கீழே இறக்காதீர்கள். எக்ஸ்பி கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள், இதில் முதலாளியோடு விட்டுக்கொடுப்பு வேண்டாம். அதன் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரலில் நின்றவை. எவ்வளவு காலத்துக்கு எக்ஸ்பிக்குப் பார்ப்பீர்கள் என்று ஒரு தேதியைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

தரவை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுதாதீர்கள். எக்ஸ்பியில் வேலை செய்யும். விஸ்டாவுக்குப் பிறகு விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் பயனரின் வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடலாம், அப்போது ஒரு கணினியில் இரண்டு தரவுத்தளம் இருக்கும், இரண்டு பேர் இரண்டு ஸ்டொக் பார்ப்பார்கள். எல்லாப் பயனருக்கும் பொதுவான புரோகிராம் டேட்டாவைக் கேட்டு எடுங்கள். கரண்ட் போவதற்கும் தயாராக எழுதுங்கள்: ஒரு பில் முழுவதும் ஒரே டிரான்சாக்‌ஷன், எழுதியது வட்டில் பதியும்வரை காத்திருக்கச் செய்கிற எஸ்கியூலைட்டின் சிங்க்ரனஸ் அமைப்பை அணைக்கவே வேண்டாம். வட் வரி வீதம் 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 ஆனது நினைவிருக்கும். அது கோடில் இல்லாமல், தொடங்கும் தேதியோடு தரவில் இருக்கட்டும். பழைய கணினிக்கு அப்டேட் கொண்டுபோவது என்றால் நீங்கள் படகிலோ பஸ்ஸிலோ போவது என்று அர்த்தம்.

சோதிக்க, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற வெர்ச்சுவல் பொக்ஸ் போதும். அப்டேட் எதுவும் போடாத விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 ஒன்று, எல்லாம் போட்டது ஒன்று, 10, 11. ஒவ்வொன்றிலும் சுத்தமான நிலையை ஸ்னாப்ஷொட் எடுத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அங்கே திரும்பி நிறுவிப் பாருங்கள். விண்டோஸ் 7இல் ரேமை 2 ஜிபியாக, திரையை 1024க்கு 768ஆகக் குறைத்து வையுங்கள். தேதி அமைப்பை அமெரிக்க முறைக்கு மாற்றியும் ஒருதரம் ஓட்டுங்கள், கடைகளில் பாதிக் கணினி அப்படித்தான் இருக்கும். பிரிண்டரை மட்டும் வெர்ச்சுவலில் நம்பக் கூடாது, கடையில்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பில்ட் சூழலையும் அப்படியே ஒரு வெர்ச்சுவல் கணினியாகப் பூட்டி வையுங்கள்: விஷுவல் ஸ்டுடியோ, நூலகங்களின் கொப்பி, ஓஃப்லைன் இன்ஸ்டோலர்கள், எல்லாம். நூலகங்களின் பழைய பதிப்புகள் இணையத்தில் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியில் லினக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே பிரச்சினை, பெரும்பாலான புரோகிராம்கள் சாய்ந்து நிற்கிற ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். உபுண்டு 22.04இல் செய்த பைனரி 20.04இல் ஜிலிப்சி பதிப்பு காணவில்லை என்று நின்றுவிடும், எதிர்த்திசையில் பெரும்பாலும் ஓடும். ஆகவே ஆதரிக்க நினைக்கிற ஆகப் பழைய பதிப்பிலேயே பில்ட் செய்யுங்கள். அரிசி ஆலைக்காரர் உண்மையிலேயே லினக்ஸ் வைத்திருக்கிறாரா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு அதைப் பற்றி விரிவாகக் கதைப்போம்.